காற்றாடிமலையில் அம்மாவின் நேர்ச்சை

திருநெல்வேலியில் நாகர்கோவில் பஸ் ஏறியதுமே அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார். வள்ளியூர் தாண்டி காற்றாலைகள் கண்ணில் படவும், துக்க தேவ ரகசியம் ஐந்தும் முடியவும் சரியாக இருந்தது. ஜனவரி 14, விசுவாசத்துக்காகக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் திருநாள். பொங்கலும் அன்றைக்கே என்பதால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. எனக்கு வேலை கிடைத்தால் மலைக்குக் கூட்டி வருவதாக அம்மா நேர்ந்திருந்தார். மூட்டு வலியைச் சொல்லித் தள்ளிப்போடலாம் என்றேன். "அவரு எருமை மேல ஊரூரா போனாரு, நான் பஸ்ல வரமாட்டனாய்யா" என்று வாயை அடைத்துவிட்டார்.

ஆரல்வாய்மொழியில் இறங்கினால் ஆட்டோவுக்கு 250 ரூபாய். திருநாள் வந்தால் போதும், விலை தானாக ஏறிவிடுகிறது. வழி நெடுக மெழுகுவர்த்திக் கட்டை முகத்துக்கு நேரே நீட்டி, "வாங்காமப் போகாதீங்க" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். மலைக்கு ஜெபிக்க வருகிறவர்களைக் கொஞ்சம் நிம்மதியாக நடக்க விடக்கூடாதா?

போன ஆடியில் நான் தனியாக வந்தபோது இந்தக் கூட்டம் இல்லை, காற்று மட்டும்தான். சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு தாள் இருந்தது.

அப்போது ஒரு நூற்பு மில்லில், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவுகிற கார்டிங் பிரிவில் மேஸ்திரியாக இருந்தேன். மெஷின் கதவைத் திறந்தால் ஓட்டம் தானாக நிற்க வேண்டும். உற்பத்தி குறைகிறது என்று அந்த சுவிட்சைப் பல மாதம் முன்பே கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரு ராத்திரி ஷிப்டில் 21 வயதுப் பையனுக்கு வலது கையில் மூன்று விரல் போனது. பையன் கவனக்குறைவாகக் கையை விட்டான், மெஷினில் குறை எதுவும் இல்லை என்று எழுதிய தாளைக் கொடுத்து மேஸ்திரி கையெழுத்து வேண்டும் என்றார்கள்.

எங்கள் தெருவில் தைரியமான ஆம்பளை என்றால் சண்டைக்கு முன்னால் நிற்கிறவன். நானும் அப்படிப் பேர் வாங்கினவன்தான். அந்தத் தாளைப் பார்த்ததும் கை நடுங்கியது. இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம், வீட்டு வாடகை, அம்மாவுக்கு மருந்து. மூன்று நாள் தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலாவது நாள் யாரிடமும் சொல்லாமல் இங்கே வந்துவிட்டேன்.

வியாகுல மாதா கோவிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே ஏறினேன். சுடுவதற்கு முன்னால் தேவசகாயம் பிள்ளை மண்டியிட்டு ஜெபித்த பாறையில் முழங்காலும் முழங்கையும் பதிந்த தடம் இருக்கிறதே, அதன் பக்கத்தில் மண்டியிட்டேன். உள்ளங்கையை அந்தக் குழியில் வைத்தேன். வெயிலில் கல் கொதித்தது, எடுக்க மனசு வரவில்லை. அவர் திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் சொன்ன, எத்தனை துன்பத்திலும் விசுவாசத்தை விடாத யோபுவின் பைபிள் கதையைக் கேட்டு மனம் திரும்பி, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர். 1749இல் பிடித்த பிறகு அடி, காயத்தில் மிளகாய், எருக்கம்பூ மாலை போட்டு எருமை மேல் ஊர்வலம். விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதவி, வீடு, மனைவி ஞானப்பூ எல்லாம் திரும்பக் கிடைத்திருக்கும். 1752இல் இந்தக் கல்லுக்கு வந்து சேரும்வரை அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. என்னிடம் கேட்டதும் அதே மாதிரி ஒரு வார்த்தைதான். அங்கேயே குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன். அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை, பயமும் போகவில்லை. ஆனால் எழுந்திருக்கும்போது அந்தத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்பது மட்டும் தெரிந்திருந்தது. ஆண்டவரே, அந்த ஒன்றைக் கொடுத்தீரே, அது போதும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "ரேஷன் அரிசி இருக்குங்க, நீங்க உள்ளதைச் சொல்லுங்க" என்றாள். மறுநாள் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். சுவிட்சைக் கட்டியதை எழுதிக் கொடுத்தேன், நான் பார்த்தும் பேசாமல் இருந்ததையும் சேர்த்தே எழுதினேன். ஒரு வாரத்தில் வேலை போனது. நாலு மாதம் கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் போனேன். டிசம்பரில் வேறொரு மில்லில் கூப்பிட்டார்கள். கேட்கும் முன்னே தெரிந்துகொள்கிற ஆண்டவருக்கு எப்படி நன்றி சொல்ல! அந்த நாலு மாதமும் பிள்ளைகள் ஒரு நாள்கூடப் பட்டினி கிடக்கவில்லை. அதற்கே நான் ஆயுசு முழுக்க மண்டியிட்டாலும் தீராது.

திருநாளன்று அந்தத் தடத்தின் பக்கத்தில் போவதே பெரும்பாடாகிவிட்டது. ஆளாளுக்குப் போனை நீட்டி வீடியோ எடுக்கிறார்கள், பின்னால் நிற்கிற வயசானவர்கள் யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் ஒரு தொண்டர்தான் வழி பண்ணிக் கொடுத்தார். அம்மா மண்டியிட முடியாமல் குனிந்து கல்லைத் தொட்டு முத்தமிட்டார். 2022 மே 15இல் வத்திக்கானில் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை டிவியில் பார்த்து அழுதவர், இங்கே வாய் கொள்ளாமல் சிரித்தார்.

அந்தப் பையனும் எங்களோடு வந்திருந்தான். நஷ்டஈட்டு வழக்கு இன்னும் நடக்கிறது, என் சாட்சியும் இருக்கிறது. அவன் வேதக்காரன் (கிறிஸ்தவன்) இல்லை. "அண்ணே, நானும் வரட்டுமா" என்று அவனாகவே கேட்டான். மணியடிச்சான் பாறையில் எல்லாரும் தட்டிவிட்டு நகர்ந்த பிறகு, சின்னக் கல் ஒன்றை இடது கையில் எடுத்து மெதுவாகத் தட்டினான். கோவில் மணி மாதிரியே கேட்டது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை தட்டினான்.