பெரியம்மா ஆண்பாலான கதை

ஜெர்மன் படிக்க ஆரம்பித்து மூன்றாவது மாதம். பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் ஜெர்மன் பெயர் எழுதிச் சீட்டு ஒட்ட இறங்கினேன்.

முதல் அடி சமையலறையில். கரண்டி ஆண்பால் (டேர் லொஃபெல்), முள்கரண்டி பெண்பால் (டீ காபெல்), கத்தி இரண்டிலும் சேராத மூன்றாம் பால் (டாஸ் மெஸ்ஸர்). மூன்றும் கிடப்பது ஒரே டப்பாவில்! காரணம் தேடுவதை விட்டுவிட்டு நீலம், சிவப்பு, பச்சை என்று மையை மாற்றி எழுதினேன். இப்போது நிறம் நினைவுக்கு வந்தால் பாலும் வந்துவிடுகிறது.

கூட்டுச்சொற்கள் சுலபம், வேடிக்கையும்கூட. கையுறை அவர்களுக்கு ஹாண்ட்ஷூ, அதாவது கைச்செருப்பு. பல்பு ‘ஒளிரும் பேரிக்காய்’. ஆமை ‘கேடயத்தேரை’. ஈறுக்குப் ‘பல் இறைச்சி’ என்றதும் பல் விளக்கவே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் ஆட்களின் பெயர்களுக்கு வந்தேன். பெயரை மொழிபெயர்ப்பது அவர்களுக்குப் புதிதில்லை. 1756இல் பிறந்த இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் ஞானஸ்நானப் பதிவில் உள்ள தியோஃபிலுஸ் என்ற கிரேக்கப் பெயரை, அவருடைய அப்பா கடிதத்தில் கோட்லீப் என்று ஜெர்மனாக்கினார். நமக்குத் தெரிந்த அமடேயுஸ் அதன் லத்தீன் வடிவம். மூன்றிலும் கடவுளும் அன்பும்தான்.

அந்தத் தைரியத்தில் பெரியம்மா செந்தாமரையை ‘ரோட்டர் லோட்டுஸ்’ ஆக்கினேன். தாமரை ஜெர்மனில் ஆண்பால் என்பது எழுதிய பிறகுதான் தெரிந்தது. “என்னடி, ரோட்டு ரோட்டுன்னு?” என்றார் பெரியம்மா. பெயரை மொழிபெயர்க்கும் வேலை அத்தோடு சரி.

ஒலியையாவது காப்பாற்றலாம் என்றால், ஆங்கில ‘ஜே’யை அவர்கள் ‘ய’ என்றே படிக்கிறார்கள். ஜெயந்தியாகிய நான் ‘யெயன்டி’. ‘ஜ’ ஒலிக்க டி, எஸ், சி, எச் என்று நான்கு எழுத்து வேண்டும். ஜங்கிள் என்ற சொல்லையே அப்படித்தான் எழுதுகிறார்கள். அண்ணன் வேலுவுக்கு ‘வி’ போட்டால் ‘ஃபேலு’ ஆகிவிடும் ஆபத்து உண்டு, ‘டபிள்யூ’ போட்டால் தப்பிப்பான். ஊர்ப்பெயரில் வரும் ‘ழ’வைத் தொடவே இல்லை.

கடைசிச் சீட்டு கொல்லையில் முருங்கைக்கு: மேர்ரெட்டிஷ்பௌம். பிரித்துப் படித்தால் கடல்முள்ளங்கி மரம். இரண்டு சீட்டைச் சேர்த்து ஒட்ட வேண்டியிருந்தது. சாயங்காலம் கீரை ஒடித்த பெரியம்மா அதையும் கிழித்துக் கூடையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.