மறுஆய்வுக் கூட்டத்துக்கு முன்னும் பின்னும்: ஒரு தவணையின் நாட்குறிப்பு

21 ஏப்ரல் 2025, திங்கள்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இரண்டாம் தவணை மே 30ல் முடிகிறது. கற்றலில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளையின் ஆதரவுத் திட்டத்தை மறுஆய்வு செய்யும் கூட்டம் பெரும்பாலும் அதற்கு முந்திய பத்து நாளுக்குள் வந்துவிடும். அழைப்பு வரட்டும் என்று இருந்தால் தயாராக நேரம் கிடைக்காது. இந்த வாரமே பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்றைக் கேளுங்கள்: நடப்புத் திட்டத்தின் பிரதி, யார் யார் வருகிறார்கள் என்ற விவரம், அறிக்கைகளின் வரைவு ஒரு வாரம் முன்னதாக.

சிறப்புக் கல்விப் பள்ளியில் இந்தத் திட்டத்தின் பெயர் தனிநபர் கல்வித் திட்டம். ஆசிரியரோடு சிகிச்சையாளர், உளவியலாளர், சமூக ஊழியர் ஆகியோரில் சிலராவது இருப்பார்கள். வழக்கநிலைப் பள்ளியில் வகுப்பாசிரியரும் சிறப்புக் கல்வித் தேவை அதிகாரியும் வருவது வழக்கம். அங்கே திட்டத்தின் பெயரும் படிவமும் பள்ளிக்குப் பள்ளி மாறும். பெயர் எதுவானாலும் "எழுத்தில் உள்ள இலக்குகளைக் கொடுங்கள்" என்று கேட்டால் போதும்.

24 ஏப்ரல், வியாழன்

பிரதி கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இலக்குகளின் வாசகம். "கவனம் மேம்படும்", "நண்பர்களோடு நன்றாகப் பழகுவான்" என்று எழுதியிருந்தால் ஆறு மாதம் கழித்து யாரும் எதையும் அளக்க முடியாது. கூட்டத்தில் "முன்னேற்றம் தெரிகிறது" என்பார்கள், பெற்றோர் தலையாட்டுவார்கள், அதே வரி அடுத்த திட்டத்திலும் வந்து உட்காரும்.

அளக்கக்கூடிய இலக்கு இப்படி இருக்கும்: "ஆசிரியர் ஒரே தடவை சொல்லும் இரண்டு படிக் கட்டளையை (புத்தகத்தை எடு, மேசையில் வை), பட அட்டையின் துணையோடு, 5 முறைக்கு 4 முறை, தொடர்ந்து 3 பள்ளி நாள் செய்வான். இப்போதைய நிலை: 5க்கு 1." தொடக்க நிலை, சூழல், செயல், எண்ணிக்கை நான்கும் இதில் உண்டு. தொடக்க நிலை விட்டுப்போவதுதான் அதிகம். அது இல்லாவிட்டால் 5க்கு 3 என்பது ஏற்றமா இறக்கமா என்றே தெரியாது.

எண்ணோடு உதவியின் அளவையும் கேட்க வேண்டும். கைபிடித்துச் செய்ய வைத்த 80 விழுக்காடும் தானாகச் செய்த 80 விழுக்காடும் ஒன்றல்ல. பதிவேட்டில் தானாக, சைகை காட்டி, வாயால் சொல்லி, கைபிடித்து என்று நான்கு நிலை குறிக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை அப்படியே நின்றாலும், கைபிடித்துச் செய்ததிலிருந்து சைகைக்கு வந்திருந்தால் அது பெரிய முன்னேற்றம். உதவி நிலையை எழுதாத தாளில் அந்த உழைப்பு முழுதும் காணாமல் போகிறது. பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் இது அநியாயம்.

28 ஏப்ரல், திங்கள்

வீட்டுப் பதிவை இன்று தொடங்கலாம். பத்து நாள், ஒரே தாள், ஒரே விஷயம். எல்லாவற்றையும் எழுதப் பார்த்தால் மூன்றாம் நாளே நின்றுவிடும்.

"ரொம்ப அழுதான்" என்று எழுதுவதில் பயனில்லை. அதற்கு முன் என்ன நடந்தது, எத்தனை நிமிடம் அழுதான், அழுகை எப்படி நின்றது என்று மூன்று கட்டம் போடுங்கள். நிமிடத்தைக் கைப்பேசிக் கடிகாரத்தில் பாருங்கள். மனக்கணக்கில் ஐந்து நிமிடம் இருபதாகிவிடும். பணிப்பெண்ணோ பாட்டியோ பார்த்துக்கொள்ளும் வீட்டில் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, எழுதுவதற்குப் பதில் கோடு போடச் சொல்லுங்கள்.

6 மே, செவ்வாய்

தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையின் திட்டத்தில் அடிக்கடி விடுபடுவது தமிழ்தான். பள்ளியில் நடக்கும் மதிப்பீடு பெரும்பாலும் ஆங்கிலத்தில். படத்தைக் காட்டி ஆங்கிலப் பெயரைக் கேட்கும்போது பேசாமல் இருக்கும் பிள்ளை வீட்டில் "கொடை வேணும்" என்று கேட்கும். குடை என்றால் என்ன என்று அதற்குத் தெரியும்; ஆங்கிலச் சொல்தான் இல்லை. எனவே சொற்களை இரண்டு மொழியிலும் சேர்த்து எண்ண வேண்டும்: எந்த மொழியில் சொன்னாலும் ஒரு பொருளுக்கு ஒன்று. வீட்டில் பிள்ளை தானாகச் சொன்ன சொற்களை ஒரு வாரம் பட்டியலிட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கேட்டதைத் திருப்பிச் சொன்ன சொல்லைத் தனியாக எழுதுங்கள். இந்தப் பட்டியலை வீட்டார் கொண்டுவராவிட்டால் வேறு யாரும் கொண்டுவரப் போவதில்லை.

வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தரும் சுமை வேறு வகை. 'கெ', 'கே', 'கை' எழுத்துகளில் கண்ணுக்கு முதலில் படுவது உயிரின் குறி, வாயில் முதலில் வருவது மெய். 'கொ', 'கோ' எழுத்துகளில் குறி இரண்டு பக்கமும் நிற்கும். இதோடு ல, ள, ழ, ந, ன, ண, ர, ற. பேச்சில் "வந்துச்சு", புத்தகத்தில் "வந்தது". ஆகவே "தமிழ் வாசிப்பு பலவீனம்" என்ற வரியை அப்படியே விடாமல், எந்த எழுத்து வரிசையில் தடுமாற்றம் என்று தமிழாசிரியரிடம் எழுதி வாங்குங்கள். 'எகர, ஏகர, ஐகாரக் குறியுள்ள 20 சொல்லில் 6 சரி' என்றால் அடுத்த இலக்கு அதிலேயே இருக்கிறது.

தமிழ் கற்பிக்காத பள்ளியில் படிக்கும் பிள்ளை வேறோர் இடத்துக்குப் போய்த் தமிழ் படிக்கிறது. திட்டம் தானாக அங்கே போய்ச் சேராது. பள்ளியிடம் சொல்லி ஒரு பிரதி அனுப்பச் செய்யுங்கள்.

பேச்சுத் தாமதம் என்றதும் வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் தாமதமோ ஆட்டிசமோ கூடுவதில்லை. தாத்தா பாட்டியோடு பேசும் ஒரே மொழியைப் பறித்தால் பேச்சுப் பழக ஆளே குறைந்துபோவார்கள்.

9 மே, வெள்ளி

ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் மொழிபெயர்ப்பாளரை இரண்டு வாரம் முன்பே கேட்க வேண்டும். அக்காவையோ அண்ணனையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தம்பியைப் பற்றிய கடினமான செய்தியை ஒரு பிள்ளை வாயால் சொல்ல வைப்பது தவறு. அவர்கள் பாதியை விழுங்கியும்விடுவார்கள்.

15 மே, வியாழன்

தொடக்கநிலை 4 பிள்ளைகளின் பெற்றோருக்கு. ஆண்டு இறுதியில் பள்ளி, அடுத்த ஆண்டுக்கான பாடநிலையைப் பரிந்துரைக்கும். அடிப்படைத் தமிழ் (எளிதாக்கிய பாடநிலை) எடுத்தால் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் ஏ, பி, சி என்ற தரங்கள் முறையே ஏஎல் (அடைவுநிலை; 1 மிக உயர்ந்தது, 8 கடைசி) 6, 7, 8 ஆக மாறும். தாய்மொழியிலிருந்து விலக்கு பெறும் பிள்ளைக்கும் 6 முதல் 8க்குள் ஒரு மதிப்பு தரப்படும். புள்ளிக்காக விலக்கு கேட்பதில் லாபம் குறைவு. முதலில் அடிப்படைத் தமிழைப் பேசுங்கள். தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். அவை வகுப்பிலும் பழக்கத்தில் இருக்கிறதா என்பதை இந்தக் கூட்டத்திலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

22 மே, வியாழன்

கூட்ட நாள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பாதி நேரம் பொதுவான பாராட்டிலோ புகாரிலோ கரைந்துவிடும். "பழைய இலக்குகளை முதலில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாமா?" என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டியது, பாதி, எட்டவில்லை என்று முடிவும் அதற்கான எண்ணும் வேண்டும். எட்டாததற்குக் காரணம் தேடும்போது, இலக்கு பெரிதா, கற்பித்த வேளை போதவில்லையா, சொல்லிக்கொடுத்த வழி பொருந்தவில்லையா என்று பிரித்துக் கேளுங்கள். வாரம் மூன்று முறை என்று எழுதி ஒரு முறைதான் நடந்திருந்தால் இலக்கைக் குறைப்பது தீர்வாகாது.

புதிய இலக்குகள் மூன்று போதும். ஒன்பது எழுதினால் எதற்கும் பதிவு இருக்காது.

பிள்ளையின் குரலும் வேண்டும். பேசாத பிள்ளை, பிடித்தது பிடிக்காதது என்று படங்களைப் பிரித்து வைத்ததைப் புகைப்படமாகக் கொண்டுபோகலாம். சிறப்புக் கல்விப் பள்ளியில் 13 வயதை ஒட்டி, பள்ளிக்குப் பிந்திய வாழ்க்கைக்கான மாற்றத் திட்டம் தொடங்கும்போது, பத்து நிமிடமாவது பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கட்டும்.

24 மே, சனி

இரண்டு நாளுக்குள் மின்னஞ்சல். "நாங்கள் புரிந்துகொண்டது" என்று தொடங்கி, யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று ஐந்தாறு வரி. திருத்தம் இருந்தால் பள்ளி சொல்லும். வாய்வார்த்தை ஆசிரியர் மாறியதும் மறைந்துபோகும்.

30 மே, வெள்ளி

நான்கு வார விடுமுறைக்கு முன் ஒவ்வோர் இலக்கின் இன்றைய எண்ணையும் ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள்.

4 ஜூலை, வெள்ளி

மூன்றாம் தவணையின் முதல் வாரம் முடிந்தது. மே 30 எண்ணையும் இந்த வார எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் பின்னடைவு இயல்பு. இரண்டு மூன்று வாரத்தில் மீளவில்லை என்றால், விடுமுறையிலும் தொடர வேண்டிய பயிற்சியைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்ல அதுவே ஆதாரம். பள்ளி ஆண்டு முடியும் நவம்பர்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு எண்ணையும் இணைத்து, அரை மணி நேரச் சந்திப்பை இந்த மாதமே கேளுங்கள்.