இளஞ்சிவப்பு மன்னிப்பு

மன்னிப்புக் கேட்டபடியே தொடங்கி, மன்னிப்புக் கேட்டபடியே முடியும் ஒரு காதல் பாடல், அதைப் பாடிய இருவரையும் சீனாவின் வெய்போ சமூக ஊடகத் தளத்திலிருந்து வெளியேற்றியது. மலேசியாவின் மூவாரில் பிறந்த நம் நாட்டு ராப் பாடகர் நேம்வீயும், மெல்பர்னில் பிறந்து தைவானில் பாடிவரும் கிம்பர்லி சென்னும் சேர்ந்து 2021 அக்டோபர் 15ஆம் தேதி யூடியூபில் வெளியிட்ட ‘ஃபிராஜைல்’ (எளிதில் உடைவது) என்ற மாண்டரின் பாடலைத்தான் சொல்கிறேன். ஒரு மாதம் முடிவதற்குள் அதன் காணொலி 2 கோடிப் பார்வைகளைத் தாண்டிவிட்டது. கோலாலம்பூரில் மாண்டரின் அறியாத தமிழர்கள்கூட அதன் மெட்டை முணுமுணுத்தார்கள்; நானும் அவர்களில் ஒருவன்.

ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தால் அந்தக் காணொலியில் சண்டைக்கான அடையாளம் எதுவுமே தெரியாது. திரும்பிய பக்கமெல்லாம் இளஞ்சிவப்பு. பாடகனும் பாடகியும் அதே நிறத்தில் உடுத்தியிருக்கிறார்கள், பாண்டா வேடமணிந்த ஒருவர் அவர்களோடு ஆடுகிறார், மெட்டோ கல்யாண விருந்தில் ஒலிக்கத்தக்க இனிப்பான மெட்டு. ஆனால் பாடல் ஆரம்பிக்கும் முன்பே ஓர் எச்சரிக்கை வந்துவிடுகிறது: இளஞ்சிவப்பு மனம் கொண்டவர்கள் கவனமாகப் பார்க்கவும். சீன இணையத்தில் தேசப்பற்றின் பெயரால் கூட்டமாகக் கிளம்பிவந்து வசைபாடும் இளையோருக்குச் ‘சின்ன இளஞ்சிவப்புகள்’ என்று பெயர் உண்டு. அதை அறிந்துவிட்டால் அரங்கின் நிறமே கேலியாக மாறிவிடுகிறது.

மற்றக் குறிப்புகளை எனக்கு விளக்கியவர் என்னோடு வேலை செய்யும் மலேசியச் சீனத் தோழி. பெருந்தொற்றால் மூடியிருந்த மாநில எல்லைகள் திறந்து சில நாள்களே ஆகியிருந்த வேளை அது. அலுவலகத்துக்குக் கீழே உள்ள மாமாக் கடையில் தே தாரேக் ஆறிக்கொண்டிருக்க, அவர் கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்து, வரிக்கு வரி நிறுத்திச் சொல்லிக்கொண்டே வந்தார். தேன் என்று வந்தால் அது கரடிப் பொம்மை வின்னி. சீன அதிபர் சி சின்பிங்கை அந்தக் கரடியோடு ஒப்பிட்டுச் சிரிப்பது 2013 முதலே நடந்துவருகிறது, தணிக்கையும் கூடவே நடந்துவருகிறது. பஞ்சு என்று வந்தால் அது சீனாவின் சிஞ்சியாங். கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டுகளால் அந்த வட்டாரத்துப் பருத்தியை வாங்குவதில் தயக்கம் காட்டிய மேலைநாட்டு ஆடை நிறுவனங்களைச் சீனாவில் புறக்கணித்த சம்பவம் அதே ஆண்டு மார்ச்சில்தான் நடந்திருந்தது. கோதுமை மூட்டையைத் தோள் மாற்றாமல் சுமந்துபோகும் காதலர் யார் என்று கேட்டேன். இளமையில் ஏறத்தாழ நூறு கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் தோள் மாற்றாமல் நடந்ததாக அதிபர் ஒருமுறை சொன்ன கதையாம் அது. இவ்வளவையும் ஒரு காதலனுக்கான கொஞ்சலாக அடுக்கிவிட்டு, பல்லவியில் ‘உன் மனத்தைப் புண்படுத்திவிட்டேனே’ என்று உருகுகிறார்கள். சீன மக்களின் உணர்வுகள் புண்பட்டுவிட்டன என்பது அந்நாட்டு வெளியுறவு அமைச்சு பல்லாண்டுகளாகப் பயன்படுத்திவரும் வாசகம் என்பதால், பல்லவியே அறிக்கையொன்றின் நகலாகிவிடுகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு திறந்து காட்டுகிறான். ஔவையும் பாராட்டத்தான் செய்கிறார்: உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இதை நம் இலக்கணம் வஞ்சப்புகழ்ச்சி என்று தனி அணியாகவே வகுத்திருக்கிறது. வஞ்சப்புகழ்ச்சியின் பலம் இதுதான்: கோபித்துக்கொண்டால், குத்து தன்னைத்தான் சேர்கிறது என்று கேட்பவனே ஒப்புக்கொள்ள வேண்டிவரும். ‘ஃபிராஜைல்’ பாடலில் எந்த நாட்டின் பெயரும் இல்லை, எந்தத் தலைவரின் பெயரும் இல்லை. கண்ணாடி இதயம் கொண்ட யாரோ ஒரு காதலரிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். வெய்போ நிர்வாகம் இருவரின் கணக்குகளையும் முடக்கியபோது, அந்தக் காதலர் யார் என்பதற்கான விடையையும் அதுவே எழுதிக் கொடுத்துவிட்டது. கிம்பர்லி சென் சளைக்கவில்லை. வெய்போ போனால் போகட்டும், இன்ஸ்டாகிராமும் பேஸ்புக்கும் எனக்கு உண்டு என்று அதே மெட்டில் பாடிப் பதிவேற்றினார்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். யூடியூப் சீனாவில் தடைசெய்யப்பட்ட தளம். எனவே அங்கிருந்து இந்தக் காணொலியைப் பார்த்துக் கொதித்தவர்கள், அரசு எழுப்பிய இணையச் சுவரைத் தாண்டி வந்துதான் கொதித்திருக்க வேண்டும். சுவரேறிக் குதிப்பதைப் பற்றியும் பாடலில் ஒரு கிண்டல் வருகிறது. கோபத்தோடு கருத்து எழுதவந்த ஒவ்வொருவரும் பாட்டின் நடிகர் பட்டியலில் தாமாகவே சேர்ந்துகொண்டார்கள்.

இருந்தாலும் எனக்குப் பிடிக்காத வரி ஒன்று உண்டு. இளஞ்சிவப்பு மனத்தவர் நாய், பூனை, வௌவால், புனுகுப்பூனை ஆகியவற்றின் மீது கொண்ட ‘அன்பை’ப் பாடும் இடம் அது. பெருந்தொற்றுக் காலத்தில் வந்த பாட்டில் இது எதைச் சுட்டுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. அதுவரை அதிகாரத்தையும் அதற்கு வால்பிடிக்கும் கூட்டத்தையும் நோக்கிப் பாய்ந்த கேலி, அந்த ஒரு வரியில் மட்டும் ஓர் இனத்தின் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. என் தோழி அந்த இடத்தில் நிறுத்தி விளக்கவில்லை, விரைவாகத் தள்ளிவிட்டார். நேம்வீயும் சீனர்தானே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் எண்ணெய் வாடை, கறி வாடை என்ற பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த ஒரு தமிழனுக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியவில்லை.

மலேசியர்கள் இந்தக் காணொலியைக் கொண்டாடிய விதத்தைப் பற்றியும் எனக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு. நம் பையன் ஒரு வல்லரசையே சீண்டிவிட்டான் என்று புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் பெருமை பொங்கியது. அதே நேம்வீ 2007இல் நம் தேசிய கீதமான ‘நெகாராக்கு’வின் மெட்டைக் கையாண்டு ராப் பாடியபோது, நாட்டை இழிவுபடுத்தினான் என்று எழுந்த எதிர்ப்பில் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று, அது இளஞ்சிவப்பு மன்னிப்பு அல்ல, நிஜ மன்னிப்பு. 2016 ஆகஸ்டில், வழிபாட்டுத் தலங்களுக்கு முன்னால் எடுத்த ஒரு காணொலிக்காக, வெளிநாட்டிலிருந்து திரும்பியவரை விமான நிலையத்திலேயே போலீஸ் கைது செய்தது. 2018இல் சீன நாட்காட்டியின் நாய் ஆண்டுப் பிறப்பையொட்டி, நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவில் நாய் முகமூடி அணிந்தவர்களை ஆடவைத்த காணொலிக்காக மறுபடியும் கைது. பின்னால் தெரிந்த குவிமாடக் கட்டடத்தைச் சிலர் பள்ளிவாசல் என்று எண்ணிக் கொதித்தார்கள். அது பிரதமர் அலுவலகம். அப்போதெல்லாம் இவனுக்கு வேண்டும் என்று எழுதியவர்களில் சிலர், 2021இல் ‘ஃபிராஜைல்’ காணொலியை எனக்கு அனுப்பியவர்களிலும் இருந்தார்கள். அடுத்த வீட்டுக் கண்ணாடி உடைந்தால் ஓசை இனிமையாகத்தான் கேட்கும்.

அந்தப் பழைய காணொலிகள் எல்லாம் நல்ல கலை என்று நான் வாதிடமாட்டேன். சில வெறும் முரட்டுத்தனம், சிலவற்றில் சத்தம்தான் அதிகம். மலேசியாவில் இனம், மதம், அரச பீடம் என்ற மூன்றையும் தொடுகிறவனுக்கு எந்தச் சட்டங்கள் காத்திருக்கின்றன என்பதை நாம் எல்லாரும் அறிவோம். அதனால்தானோ என்னவோ, அவருடைய பாட்டுகளில் ‘ஃபிராஜைல்’ அளவுக்கு ஒழுங்காகச் செதுக்கிய பாட்டு வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அடி வாங்கி வாங்கித்தான் பணிவு என்ற ஆயுதத்தைக் கைக்கொண்டிருக்கிறார். நம் தமிழ் ராப் பாடகர்களிடம் வேகத்துக்கும் வீராப்புக்கும் குறைவில்லை. இந்த வஞ்சகப் பணிவையும் அவர்கள் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை, ஔவை நம் ஊர்க்காரர்தானே.

பின்னொரு நாள், அலுவலக ஆண்டு விருந்துக்குப் பாடல் பட்டியல் தயாரானபோது, என் தோழியும் இன்னொருவரும் ‘ஃபிராஜைல்’ பாடுவதாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். எங்கள் நிறுவனத்துக்குச் சீனாவில் வாடிக்கையாளர்கள் உண்டு. பட்டியல் மேலிடத்துக்குப் போய்த் திரும்பியபோது அந்தப் பாடல் மட்டும் அதில் இல்லை. காரணம் எழுதப்படவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இருவரும் தைவான் பாடகி தெரேசா தெங்கின் பழைய காதல் பாட்டு ஒன்றைப் பாடி முடித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கும்போது, என் தோழி ஒலிவாங்கியைக் கீழே வைக்காமல், மேலாளர்கள் அமர்ந்திருந்த மேசையைப் பார்த்துத் தலைகுனிந்து, மிகுந்த மரியாதையோடு மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று புரியாமல் அவர்களும் கைதட்டினார்கள்.