உளைச்சல்: இலங்கையின் அட்டன் தேயிலைத் தோட்டப்பக்கக் குறிப்புகள்

2025 மே 5
மூன்று மாதம் தாண்டினால் அது நாட்பட்ட வலி. ஒரே மலையில் கொழுந்து எடுக்கும் இருவருக்கு ஒரே இடுப்பு வலிதான். ஆனால் ஒருவர் குனியவே அஞ்சுவார், மற்றவர் பல்லைக் கடித்துப் பேர் (அன்றைய நிறைக்கான முழு நாள் சம்பளம்) விழும்வரை எடுத்துவிட்டு இரண்டு நாள் லயத்தில் (தோட்ட வரிசை வீட்டில்) சுருண்டு கிடப்பார். இருவருக்கும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுப்பது பெரிய பிழை.

மே 8
"எலும்பு தேஞ்சிருச்சாம்" என்று எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு அணைத்து வருபவர் முதல் வகை. வலியே இல்லாத 20 வயதினரில் 37 வீதமானோருக்கும் ஸ்கேனில் முள்ளந்தண்டு வட்டுத் தேய்மானம் தெரிந்ததாக 2015இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு வெறுங்கூடையை முழங்கால் உயரத்திலிருந்து ஐந்து தடவை தூக்கச் சொல்லுங்கள். தூக்குமுன் "பத்துக்கு எத்தனை வலிக்கும்?", தூக்கியபின் "எத்தனை வலித்தது?" இரண்டையும் எழுதிக் காட்டுங்கள். எட்டு என்று பயந்தது நாலாக முடிவதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் பயம் இளகும்.

மே 13
இரண்டாம் வகையான, பல்லைக் கடித்து இழுத்துச் செய்பவருக்கு அளவு கிலோ அல்ல, நிமிடம். வலி வழமையைவிட 2 புள்ளி ஏற எத்தனை நிமிடம் ஆகிறதென்று மூன்று நாள் குறிக்க வேண்டும். 30, 20, 25 என்றால் சராசரி 25. அதில் ஐந்தில் நாலு, 20. இருபதானதும், வலி இல்லாவிட்டாலும், கூடைக்கயிற்றைத் தலையிலிருந்து எடுத்து நிமிர்ந்து இரண்டு நிமிடம் நிற்கணும். கிழமைக்கு 2 நிமிடம் கூட்டலாம். கெட்டுப்போவது நல்ல நாளில்தான்: வலியில்லை என்று 40 நிமிடம் போய்விடுவார்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) என்ற கவலை மனப்பிரமை அல்ல, சம்பளம். அதனால் விறகு, துணி, தண்ணீர் என்று வீட்டு வேலையில் பழக்கிவிட்டே மலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மே 19
வலியைப் பற்றிய எண்ணங்களை அளக்கும் 13 கேள்வித் தாள்: ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 52. கூட்டுத்தொகையைவிட எது ஓங்கியிருக்கிறது என்பதே முக்கியம். "ராவெல்லாம் அதே நெனப்பு" என்பவருக்குத் தூக்கத்தில் தொடங்கணும். "இனி ஒன்னும் செய்ய ஏலாது" என்பவருக்கு அன்றே முடிக்கக்கூடிய ஒரு சிறு வேலை.

மனசைப் பற்றி நேராகக் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும், "வலி பொய்யின்னு சொல்றீங்களா?" என்ற கோபமும் வரும். "உளைச்சலா அக்கா?" என்று கேளுங்கள்; அந்தச் சொல் உடல் வலிக்கும் மன வேதனைக்கும் பொருந்தும். கால் உளைச்சலில் தொடங்கிய பேச்சு தானாகவே அடகு நகைக்கும் கொழும்பில் வேலைக்கு நிற்கும் மகளுக்கும் போகும்.

மே 23
வலி ஏறிய நாளில் முழுதாய்ப் படுக்காமல் பாதி அளவு செய்து, இரண்டு நாளில் பழைய அளவுக்குத் திரும்பலாம். ஆனால் சிறுநீர் அடைபட்டால், அல்லது அறியாமல் போனால், தொடையிடுக்கு மரத்தால், கால் தொய்ந்தால் இந்தத் தாள்கள் எதுவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. மழையில் தோட்டப் பாதைக்கு வண்டி வரச் சுணங்கும். விடியட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது.