ஆறு சக்கர டைரலுக்கு எட்டு வயர்

டைரல் பி34 காரின் 1:20 பிளாஸ்டிக் கிட் ஒன்று, அதாவது நிஜக் காரில் இருபதில் ஒரு பங்கு அளவில் நாமே ஒட்டிச் செய்யும் மாடல், பல நாளாக அலமாரியில் இருந்தது. டெரக் கார்ட்னர் வடிவமைத்த ஆறு சக்கர ஃபார்முலா 1 கார் அது. முன்னால் மட்டும் நான்கு சக்கரங்கள், ஒவ்வொன்றும் 10 அங்குலம். 1976 ஜூன் 13 அன்று ஸ்வீடனில் உள்ள ஆண்டர்ஸ்டார்ப் தடத்தில் ஜோடி ஷெக்டர் முதலிடம், பாத்ரிக் டெபாயே இரண்டாமிடம். பி34 ஜெயித்த ஒரே கிராண்ட் பிரி அதுதான். அப்படிப்பட்ட காரைப் பெட்டியில் இருந்தபடியே ஒட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லோர் கண்ணும் முன்சக்கரத்துக்குப் போகும். என் கண் பின்னால் இருக்கும் காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினில்தான். பக்கவாட்டில் திறந்தே கிடக்கும் வி8, அதாவது எட்டு சிலிண்டர்கள் 'V' வடிவில் இரண்டு வரிசையாக நிற்கும் எஞ்சின். கிட்டில் பிளாக் (எஞ்சினின் உடல்), கேம் கவர் (அதன் மேல்மூடி), காற்றுக் குழல் எல்லாம் இருந்தன. ஸ்பார்க் பிளக் வயர் மட்டும் இல்லை.

கருவியைத் தொடும் முன் இரண்டு வாரம் பழைய படங்களைத்தான் பார்த்தேன். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டர், இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து பக்கத்துக்கு நான்காக எட்டு வயர் கிளம்புகின்றன. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தாளில் வரைந்துகொண்டேன். இது தெரியாமல் கம்பியைச் சொருகினால் எஞ்சின் மேல் நூல் சிக்கிய மாதிரிதான் இருக்கும்.

அடுத்தது தடிமன். நிஜ வயர் சுமார் 8 மி.மீ. என்றால் 1:20இல் 0.4 மி.மீ. மோட்டார் வைண்டிங் கடையில், கிட்டத்தட்ட அதே தடிமனுள்ள 28 கேஜ் எனாமல் கம்பி கேட்டேன். கழித்துப்போட்ட துண்டுகளையே ஒரு கை அள்ளிக் கொடுத்தார்கள். அந்தக் கம்பி நெளிந்திருக்கும். இரண்டு ஸ்டீல் ஸ்கேலுக்கு நடுவே வைத்து உருட்டினால் நேராகிவிடும். முதலில் வளைக்க வேண்டும், பிறகுதான் பெயின்ட். மாற்றிச் செய்தால் வளைவில் பெயின்ட் உரிந்துவிடும்.

கேம் கவரில் பின் வைஸால் (விரலால் சுழற்றும் சின்ன டிரில்) துளை போட்டேன். மூன்றாவது துளையில் 0.4 டிரில் பிட் உள்ளேயே முறிந்தது. ஊசியால் சுற்றிலும் தோண்டி எடுத்ததில் துளை இரு மடங்கு பெரிதாகிவிட்டது. அதை மறைக்க, மெல்லிய எலெக்ட்ரிக் வயரின் மேலுறையை உருவி, 1 மி.மீ. துண்டாக வெட்டிச் சொருகினேன். பார்த்தால் அச்சு அசல் பிளக் கேப்! சரி என்று மற்ற ஏழு துளைகளையும் பெரிதாக்கி அதையே செய்தேன்.

சீட் பெல்ட் எளிது. 3 அங்குலப் பட்டை இந்த அளவில் 3.8 மி.மீ. மாஸ்கிங் டேப்பை இரண்டாக மடித்து ஒட்டி வெட்டினேன். பக்கிளுக்கு ஃபியூஸ் வயர்.

நெஞ்சு பதறியது ஜன்னலில். பி34இன் காக்பிட் பக்கங்களில், ஓட்டுநர் முன்சக்கரத்தைப் பார்ப்பதற்காகச் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தார்கள். இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர்களைச் சூப்பர் க்ளூவால் ஒட்டிவிட்டு, தூசி விழாமல் இருக்க டப்பாவால் மூடி வைத்தேன். காலையில் திறந்தால் இரண்டு ஜன்னலும் மாவு பூசியது போல் வெளுத்திருந்தன. க்ளூவின் ஆவி வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக்கில் படிந்துவிட்டது. ஜன்னலைப் பொருத்தும் முன்பே வயர் வேலையை முடித்திருக்க வேண்டும்.

டூத்பேஸ்ட்டால் தேய்த்துப் பார்த்தேன், பாதிதான் தெளிந்தது. அப்புறம் சட்டை வாங்கிய பெட்டியின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி ஞாபகம் வந்தது. பழைய ஜன்னலை அதன்மேல் வைத்து ஊசியால் கோடிழுத்து வெட்டி, ஓரத்தை 1000 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தேன். சரியாக உட்காரும் வரை ஐந்து தடவை வெட்டினேன். இந்தத் தடவை ஃபெவிகால். ஈரத்தில் வெள்ளையாக இருந்தாலும் காய்ந்தால் தெளிந்துவிடும், ஆவியும் படியாது.

நேற்று இரவு டார்ச் அடித்து, இருக்கைப் பக்கமிருந்து அந்த ஜன்னல் வழியே பார்த்தேன். முன்சக்கரத்தின் டயர் விளிம்பு தெரிந்தது. இனி எட்டு காற்றுக் குழலுக்கும் போகும் எரிபொருள் குழாய்கள் பாக்கி. அதற்கு 0.2 மி.மீ. கம்பி தேட வேண்டும்.