நான்கே நான்கு ஓட்டை

படுக்கையறை ஜன்னலுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்ட வேண்டும். இந்தப் பக்கம் ஒரு பிராக்கெட், அந்தப் பக்கம் ஒரு பிராக்கெட், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்க்ரூ. ஆக மொத்தம் நான்கே நான்கு ஓட்டை. வழக்கமாக வரும் ஆசாரியிடம் கேட்டால், "வர்றதுக்கே 500 ஆகும் சார்" என்றார். அந்த 500 ரூபாயை மிச்சம் பிடிக்கலாம் என்று 2,400 ரூபாய்க்கு டிரில் மெஷின் வாங்கிவிட்டேன்.

டிரில் மெஷின் தனியாக வராது, சம்பந்தி வீட்டார் மாதிரி கூட்டமாகத்தான் வரும் என்பது கடையில்தான் தெரிந்தது. ஓட்டை போடும் முனை, அதாவது பிட் வேண்டும். மரத்துக்குத் தனி, சுவருக்குத் தனி; சுவர் பிட்டின் நுனி குட்டி உளி மாதிரி தட்டையாக, தண்டைவிட அகலமாக இருக்கும், மர பிட்டுக்கு நடுவில் ஊசி மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ பிடித்து நிற்க ஓட்டைக்குள் செருகும் பிளக் 8 எம்எம் என்றால் பிட்டும் 8 எம்எம். அப்புறம் தூசி படாமல் கண்ணுக்குப் போடும் கண்ணாடி, ரசமட்டம், ஒரு பை நிறைய ஸ்க்ரூ. வெளியே வரும்போது பில் 3,650.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து ஸ்டூலில் ஏறினேன். முந்தின இரவுதான் மாமனார் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார், கண் பரிசோதனைக்கு. கூடவே கருப்பட்டி, கடலை மிட்டாய், தன் சொந்தப் பல்பொடி. நம் வீட்டு பேஸ்ட்டைத் தொட மாட்டார். "சுண்ணாம்புல இனிப்பைக் கலந்து குழாய்ல அடைச்சு விக்கிறான் மாப்ளே" என்பது அவர் கட்சி. ஜன்னலோரமாகவே நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, முன்னேற்பாடெல்லாம் பிரமாதமாகச் செய்திருந்தேன். எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் பிட்டைச் சுற்றி இன்சுலேஷன் டேப். தூசி தரையில் விழாமலிருக்க, ஓட்டைக்குக் கீழே போன வருஷக் கல்யாணப் பத்திரிகையின் கவரை வாய் திறந்தபடி ஒட்டியாயிற்று. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே கை வைக்கக் கூடாது, ஒயர் சுவருக்குள் அந்த வழியாகத்தான் ஏறும் என்பது வரை தெரியும். மெஷினைப் போட்டேன். வீடே அதிர்ந்தது. வெள்ளைத் தூள் கொஞ்சம் கொட்டியது. ஒரு சென்டிமீட்டர் போனதும் நின்றுவிட்டது. நானும் விடவில்லை, உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன். ஐந்து நிமிஷம். பிட் நுனி கறுத்தது, கருகல் வாடை வந்தது, கீழ் வீட்டு மாமி போன் செய்து "போர் போடறேளா?" என்று கேட்டார்.

மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மாப்ளே, அந்த மிஷின்ல சுத்தியல் படம் ஒண்ணு போட்டிருக்கே, அது எதுக்கு?"

பார்த்தேன். குமிழ் வெறும் டிரில் படத்தில் இருந்தது. சுத்தியலுக்குத் தள்ளினால்தான் பிட் சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் இடிக்கும், கான்கிரீட் உடையும். "அதுக்குத்தான் இப்ப மாத்தப் போறேன்" என்றேன். அவரும் பெரிய மனிதர், நம்பிய மாதிரியே இருந்தார்.

சுத்தியலுக்கு மாற்றி, பக்கத்தில் இன்னொரு ஓட்டை. இந்த முறை இரண்டு சென்டிமீட்டர் சரசரவென்று போய், டங் என்று நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளி. மறுபடியும் டங்.

"கம்பி" என்றார் மாமனார். பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் கான்கிரீட் பார்த்தவர். பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம், லிண்டல் இருக்கிறது. அதன் கனம் ஆறு அங்குலமாவது இருக்கும், முக்கியமான கம்பியெல்லாம் அடிப்பக்கம்தான் கிடக்கும். "நீங்க சரியா அங்கதான் குத்துறீங்க. ஒரு முழம் மேல போங்க, செங்கல் வரும்."

இதை முதல் ஓட்டைக்கு முன்னால் சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாய் வரை வந்தது. மாமனாரிடம் கேட்க முடியுமா? மேலே போனேன். வாழைத்தண்டில் இறங்குவது மாதிரி இறங்கியது. சந்தோஷத்தில் கை ஆடி ஓட்டை பெரிதாகிவிட்டது போலிருக்கிறது, பிளக்கைச் செருகி ஸ்க்ரூவைத் திருகினால் பிளக்கும் சேர்ந்து சுற்றுகிறது. உள்ளே தூள் கிடந்தாலும் அப்படித்தான் சுற்றும் என்று, சின்னவன் சைக்கிள் பம்பை வைத்து ஓர் அடி அடித்தேன். தூள் அத்தனையும் கண்ணில். கண்ணாடி பத்திரமாக நெற்றியில் இருந்தது.

இந்த பிளக்குக்கு ராவல் பிளக் என்று பேர் வரக் காரணமான ராலிங்ஸ் என்ற ஆங்கிலேயர், 1911 வாக்கில் இதைச் சணலில்தான் செய்தார். நைலானில் வந்தது 1958-இல், ஜெர்மனிக்காரர் ஆர்ட்டூர் ஃபிஷர் புண்ணியத்தில். மாமனாருக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. "கட்டை அடிச்சாத்தான் நிக்கும்" என்று சமையலறைக்குப் போனவர், உடைந்த பூரிக்கட்டையின் கைப்பிடியோடு வந்தார். அரிவாள்மனையில் நாலு சீவல் சீவி, ஓட்டையில் வைத்து இரண்டு தட்டு. அதில் திருகிய ஸ்க்ரூவில் என்னையே தொங்கவிடலாம். ஒட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்த பூரிக்கட்டை அது என்பது பிறகு எனக்குத் தனியாக, கதவைச் சாத்திவிட்டுத் தெரிவிக்கப்பட்டது.

மதியம் இரண்டரைக்குக் கம்பி ஏறியது. ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நட்டநடுவில். அப்போதுதான் வீட்டம்மா வந்து பார்த்தார்.

"என்னங்க, கோணலா இருக்கு?"

"ரசமட்டத்தைப் பாரு. கம்பி நேர்தான், ஜன்னல்தான் கோணல்."

"வர்றவங்க கையிலெல்லாம் ரசமட்டத்தைக் குடுத்துப் பாக்கச் சொல்வீங்களா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கட்டினவர் ஜன்னலைக் கோணலாக வைத்தால் அதற்கேற்ற மாதிரி கம்பியையும் கோணலாக மாட்டினால்தான் நேராகத் தெரியும் என்கிற உலக நியாயம் எனக்குப் பிடிபட இன்னும் இரண்டு ஓட்டை ஆயிற்று. கடைசிக் கணக்கு: வேலைக்கு ஆனது நான்கு, வீண் ஏழு. ஜன்னலுக்கு மேலே அம்மை போட்ட மாதிரி இருந்தது. இரவு சாப்பாட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

காலையில் கண் விழித்து மேலே பார்த்தால் ஓட்டைகளைக் காணோம். எழுந்து தடவிப் பார்த்தேன். ஏழும் மழமழவென்று அடைத்து, விரலால் வழித்து விடப்பட்டிருந்தது. அறையெல்லாம் கிராம்பு வாசனை. பல் விளக்கப் போனால், முந்தாநாள் பிரித்த 150 கிராம் பேஸ்ட் அப்பளமாகக் கிடக்கிறது.

மாமனார் பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்காமல் தன் பல்பொடி டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.