கியர்பாக்ஸைத் தூக்கிவிடலாம், சொருகுவதுதான் பாடு

போன மாதம் புளியரை எஸ் வளைவில் எங்கள் மாருதி ஆம்னி வேன் நின்றே விட்டது. மிதித்தால் இஞ்சின் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது, உள்ளே கருகல் நாற்றம், பின்னால் கேரளத்துக்குப் போகிற லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடிக்கின்றன. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. பிளேட் விலையைவிட மாற்றுகிற கூலி அதிகமாக இருந்ததால், செங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தகர ஷெட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். துணைக்குப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, புனலூரில் பல வருஷம் ஃபிட்டராக இருந்தவர்.

ஆம்னியில் முன்சீட்டுக்கு அடியில் 796 சிசி இஞ்சின், அதன் வாலில் கியர்பாக்ஸ், அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட். கிளட்ச் பிளேட் இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருப்பதால், அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். கழற்றியது அரை நாள் வேலை, அதில் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. ஷாஃப்டை உருவுவதற்கு முன்னால் கியர் ஆயிலை வடித்துவிடுங்கள், அவ்வளவுதான். நான் வடிக்கவில்லை, ஒரு சட்டை போயிற்று. வண்டி ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கிறவனுக்கு நான் எதுவும் சொல்வதற்கில்லை.

மாட்டும்போதுதான் வந்தது வினை. முதலில் கியர்பாக்ஸை டிராலி ஜாக்கியின் மேல் உட்காரவைத்துத் தள்ளினேன், வண்டிக்கு அடியிலேயே நுழையவில்லை. சாக்கில் வைத்து உள்ளே இழுத்து, மல்லாந்து படுத்து, நெஞ்சில் ஏற்றி, பிறகுதான் ஜாக்கிக்கு மாற்றினோம். பலகை வைத்துப் பழைய சைக்கிள் டியூபால் கட்டியதும் ஆடாமல் நின்றது. பின்பக்கத் தாங்கல் கழன்றிருந்ததால் இஞ்சின் தொங்கிவிடாமல் அதன் அடியில் இருக்கிற ஆயில் தொட்டிக்குக் கீழேயும் மரக்கட்டை வைத்து இன்னொரு ஜாக்கி.

தூக்கியாயிற்று, ஆனால் இஞ்சினோடு ஒரு விரல் இடைவெளிக்கு மேல் சேரவே இல்லை. இரண்டு மணி நேரம் உந்தினேன், ஆட்டினேன், கெட்ட வார்த்தை பேசினேன். கடைசியில், இரண்டு பெரிய போல்டைப் போட்டு முறுக்கினால் தானாக இழுத்துக்கொள்ளும் என்று ஸ்பேனரை எடுத்தேன்.

"ஏல தம்பி, போல்ட்ல இழுக்காத, அலுமினியம், போல்ட் மாட்டுற காது உடைஞ்சிரும்" என்றார் அண்ணாச்சி. "பிளேட்ட எத வச்சு நடுவாக்கின?"

கண்ணால்தான். அதுதான் தப்பு. கிளட்ச் பிளேட்டை இஞ்சின் பக்கம் அழுத்திப் பிடிக்கிற மூடி பிரஷர் பிளேட், அதை இறுக்கும்போது கிளட்ச் பிளேட் தன் எடையிலேயே துளி இறங்கிவிடும், அது இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் கியர்பாக்ஸின் முன் ஷாஃப்டின் நுனி, பிளேட் ஓட்டை வழியாக ஃபிளைவீல் (இஞ்சின் வாலில் சுற்றுகிற கனத்த சக்கரம்) நடுவில் இருக்கிற பேரிங்குக்குப் போகாது. அந்த நிலையில் கியர்பாக்ஸ் பாரத்தைப் பிளேட்டில் தொங்கவிட்டால் புதுப் பிளேட்டே வளைந்துவிடும்.

மறுபடி இறக்கினோம். ஒரு மரக்குச்சியில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிச் சுற்றி, பேரிங் ஓட்டைக்கும் பிளேட் ஓட்டைக்கும் கச்சிதமாக உட்காருகிற அளவுக்குக் கொண்டுவந்தார் அவர், அதைச் சொருகிவைத்துத்தான் பிரஷர் பிளேட்டை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். மறுபடி தூக்கி, சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக வரும்வரை ஜாக்கியைத் தட்டித் தட்டிச் சரிபண்ணி, டாப் கியரில் போட்டு, பின்பக்கம் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையைச் சொருகிக் கையால் லேசாகத் திருப்பினார். முன் ஷாஃப்டின் பல்லும் பிளேட்டின் பல்லும் சேர்ந்தன. ஒரு சின்ன 'டக்'. நான் தள்ளக்கூட இல்லை.

மறுநாள் சாரலில் ஆரியங்காவு வரை போய்வந்தோம். எஸ் வளைவில் இரண்டாம் கியரில் முக்காமல் ஏறியது. டீக்கடையில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதுதான் அண்ணாச்சி சிரித்தார். ரிவர்ஸ் லைட் எரியவில்லை, கியர்பாக்ஸில் அதன் ஒயரை மாட்ட மறந்திருக்கிறேன். திரும்பவும் அடியில் போக வேண்டும்.